ஆலயத்துக்கு வர மறுக்கும் மகன்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. என் மகனுக்கு 34 வயது. பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவன், பாடகர் குழுவில் பாடியவன். கடந்த கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது அதிகாலை ஆராதனைக்குக் கிளம்பச் சொன்னேன். "எனக்கு இதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிவிட்டது அம்மா. உங்களுக்காகத்தான் இதுவரை வந்துகொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டான். இது பெங்களூர் நண்பர்களால் வந்ததா, யூடியூபில் கேட்கும் நாத்திகப் பேச்சுகளால் வந்ததா, அல்லது என் வளர்ப்பில்தான் குறையா? "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற வசனம் இரவும் பகலும் என்னைக் குத்துகிறது. எங்கள் சேகர ஐயரை (சபைப் போதகரை) அவனிடம் பேசச் சொல்லலாமா? ஆண்டுதோறும் அவன் பிறந்தநாளுக்கு அவன் பெயரில் ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பேன், அதைத் தொடரலாமா? அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; பெண் வீட்டாரிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? அவன் தங்கை அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவன் அப்பா கணையப் புற்றுநோயால் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த நாட்களில் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர் மருந்தை நிறுத்தச் சொன்னதில் அவனுக்கும் எனக்கும் சிறு மனத்தாங்கல் இருந்தது. அது முடிந்துபோன விஷயம்.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள அம்மா,

நான் உளவியல் ஆலோசகர், இறையியல் படித்தவர் அல்ல. ஆகவே உங்கள் மகனை மீண்டும் ஆலயத்துக்கு அழைத்துவருவதற்கான வழியை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அது என் தொழிலின் எல்லைக்குள் வருவதில்லை. சிறுவயது முதல் பற்றியிருந்த விசுவாசத்தை வளர்ந்தவர்கள் ஏன் விடுகிறார்கள், அப்படி விட்டவரோடு தாயும் தங்கையும் உறவு கெடாமல் எப்படிப் பழகலாம் என்ற இரண்டைப் பற்றியும் சொல்ல முடியும். உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுத்துக்கொள்ளாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது, கடைசியில் "முடிந்துபோன விஷயம்" என்று நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த ஒரு வரிதான்.

முதலில் நண்பர்களையும் யூடியூபையும் பற்றி. பெற்றோர் அனைவரும் முதலில் சந்தேகிப்பது இவற்றைத்தான். அதில் தவறில்லை, ஆனால் காரணமும் விளைவும் பெரும்பாலும் இடம் மாறி இருக்கின்றன. நம்பிக்கையோடு இருக்கும் ஒருவர் நாத்திகப் பேச்சைக் கேட்டால், ஐந்து நிமிடத்தில் எரிச்சலோடு அணைத்துவிடுவார். அதை முழுவதும் உட்கார்ந்து கேட்பவர், அந்தக் கேள்விகள் ஏற்கெனவே உள்ளுக்குள் எழுந்துவிட்டவர். கன்னியாஸ்திரியாக இருந்து பின்னர் சமூகவியலாளரான அமெரிக்கர் ஹெலன் எபா, துறவையும் தொழிலையும் மணவாழ்வையும் விட்டு வெளியேறிய பலரிடம் பேசி 1988-ல் தம் ஆய்வை வெளியிட்டார். வெளியேற்றம் முதல் ஐயத்தில் தொடங்கி, மாற்று வழிகளை எடைபோடுவதாக வளர்ந்து, ஏதோ ஒரு நிகழ்வில் திரும்பமுடியாத இடத்தை அடைகிறது என்பது அவர் கண்ட வரிசை. பேச்சுகளும் புத்தகங்களும் நண்பர்களும் இந்த வரிசையின் நடுவில்தான் வருகின்றன. உங்கள் மகன் "ரொம்ப நாளாகிவிட்டது" என்று சொன்னதைக் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் கேட்டது முடிவின் அறிவிப்பு மட்டுமே. அந்த முடிவுக்கு வர அவர் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும், அவ்வளவு காலமும் உங்கள் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டே.

வளர்ந்தவர்கள் விசுவாசத்தை விட்ட கதைகளை, அவர்களே எழுதிய தன்வரலாறுகளைக்கொண்டு ஆராய்ந்த ஜான் பார்பர் என்ற அமெரிக்க அறிஞர், 1994-ல் நான்கு இழைகளைப் பிரித்துக் காட்டினார். போதனை உண்மைதானா என்ற ஐயம் ஒன்று. அந்தச் சமயத்தாரின் நடத்தை மீதான ஒழுக்கக் கண்டனம் ஒன்று. துக்கம், குற்றவுணர்வு, தனிமை போன்ற மனத்துயரம் ஒன்று. சபை என்ற கூட்டத்திலிருந்து விலகுவது ஒன்று. பிற்பாடு ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைன்ஸ் ஸ்ட்ரைப், ஜெபத்தில் முன்பு உணர்ந்ததை இப்போது உணர முடியாமல் போவதை ஐந்தாவதாகச் சேர்த்தார். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் காண்பதும் இவைதான், ஆனால் தனித்தனியாக அல்ல, ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவையாக. வெளியே சொல்லும்போது பெரும்பாலோர் முதல் இழையை மட்டும் சொல்கிறார்கள். பரிணாமம், நோவாவின் பேழை, மற்ற மதத்தினர் எல்லாரும் நரகத்துக்குப் போவார்களா என்ற கேள்விகள் பேசுவதற்கு எளியவை. படித்த மனிதருக்கு அவை கௌரவமான காரணங்களாகவும் இருக்கின்றன. "எனக்கு வலித்தது" என்று சொல்வதைவிட "எனக்குத் தர்க்கம் பொருந்தவில்லை" என்று சொல்வது, குறிப்பாக நம் ஊர் ஆண்களுக்கு, எளிது. இதனால் அறிவுசார் ஐயம் பொய் என்று ஆகிவிடாது. சிலர் உண்மையிலேயே படித்து, யோசித்து, நேர்மையாக அந்த முடிவுக்கு வருகிறார்கள், அவர்களை "ஏதோ மனக்காயம்" என்று தள்ளிவிடுவது அவமதிப்பு. உங்கள் மகன் அப்படிப்பட்டவராகவும் இருக்கலாம். அவரிடம் கேட்காமல் நீங்களும் நானும் முடிவு கட்டக் கூடாது.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் பிந்திய நிலையில்தான் தெரியவருகிறது, மருத்துவத்துக்கு எளிதில் இடங்கொடாத நோய்களில் ஒன்று அது. இப்படிப்பட்ட நோய் வந்த வீட்டில் ஜெபம் பெருகுவது இயல்பு. அந்த ஜெபத்தால் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் ஆறுதல் கிடைத்திருக்கும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் ஊழியர் வந்து மருந்தை நிறுத்தச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நாள் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை. மருந்து என்பதில் வலிநிவாரணியும் அடக்கமா என்றும் எழுதவில்லை. அடக்கம் என்றால், உங்கள் மகன் தம் தந்தை வலியில் துடித்ததைப் பார்த்திருப்பார், அதைக் குறைக்கக்கூடிய மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். இத்தகைய ஊழியர்கள் வழக்கமாகச் சொல்லும் இன்னொன்றும் உண்டு: சுகம் தாமதமானால், வீட்டில் யாரோ ஒருவருடைய அவிசுவாசம் தடையாக நிற்கிறது என்பார்கள். அன்று மருந்தை நிறுத்த வேண்டாம் என்று வாதாடியவர் வீட்டில் ஒருவர்தானே? அந்தச் சொல் யார்மீது போய் விழுந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். பின்னர் அடக்க ஆராதனையில் அதே வாய்களிலிருந்து "தேவ சித்தம்" என்ற ஆறுதல் வந்திருக்கும். பிழைத்தால் விசுவாசத்தின் வெற்றி, இறந்தால் தேவ சித்தம், இடைப்பட்ட காலத்தில் வலித்தால் வீட்டாரின் குறை என்ற இந்தக் கணக்கில், நோயாளியின் மகன் எங்கே நிற்பார்?

நான் ஊகிக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் என் ஊகத்தை முழுவதும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்களுக்கு அது பயன்படக்கூடும். அந்த ஊழியரை வீட்டுக்கு அழைத்தவர் அநேகமாக நீங்கள். அழைத்தது அன்பினால், அச்சத்தினால், வேறு எதையும் செய்ய இயலாத நிலையினால். இப்போது உங்கள் மகன் அந்த ஊழியர்மீது கோபப்பட்டால், அந்தக் கோபம் அவரைக் கடந்து உங்கள்மீது வந்து நிற்கும். கணவரை இழந்து தனியாக இருக்கும் தாயிடம் "நீங்கள் செய்தது தவறு" என்று சொல்ல எந்த மகனுக்கு மனம் வரும்? அதனால் அவர் தாயையும் குற்றம் சாட்டவில்லை, ஊழியரையும் குற்றம் சாட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவரிடமிருந்து சத்தமில்லாமல் விலகிக்கொண்டார். விசுவாசத்தை விட்ட பலருடைய கதைகளில், இப்படி வீட்டாரைக் காப்பாற்றுவதற்காகக் கடவுளை விட்டுக்கொடுத்த ஓர் இடம் இருக்கிறது. அந்தக் கோபத்தை வாய்விட்டுச் சொல்ல நம் சபைகளில் இடம் இல்லை. கடவுள்மீது எழும் கோபத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் ஜூலி எக்ஸ்லைன் போன்ற உளவியலாளர்கள், நோயும் மரணமும் நேர்ந்த வீடுகளில் அது மிகப் பரவலானது என்றும், அது பாவம் என்ற எண்ணத்தால் மனிதர்கள் அதை மறைத்துக்கொள்கிறார்கள் என்றும் காட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் ஆசிரியையாக இருந்தவர், வேதாகமத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர். யோபின் புத்தகத்தில் கடவுளுக்காக வாதாடி, "உன்னிடம் ஏதோ குறை இருக்கிறது" என்று நோயாளியிடம் சொன்ன மூன்று நண்பர்கள் கடைசியில் கண்டிக்கப்படுகிறார்கள். கடவுளோடு வழக்காடிய யோபு பேசியதே சரி என்று அங்கே தீர்ப்பாகிறது. உங்கள் வீட்டில் அந்த நண்பர்களின் இடத்தில் பேசியவர் யார், யோபின் இடத்தில் நின்றவர் யார் என்று நீங்களே பொருத்திப் பாருங்கள். உங்கள் மகனை மாற்றுவதற்கான வசனமாக இதைப் பயன்படுத்த வேண்டாம்; உங்களுக்காக மட்டும் படியுங்கள்.

உங்களைக் குத்தும் நீதிமொழி வசனத்தைப் பற்றியும் அந்த எல்லைக்குள் ஒன்று சொல்கிறேன். நீதிமொழிகள் உலக நடப்பைப் பற்றிய ஞானமொழிகள். பொதுவாக இப்படி நடக்கும் என்று அவை சொல்கின்றன, பெற்றோருக்கு எழுதிக்கொடுத்த உத்தரவாதப் பத்திரம் அல்ல. அதே வேதாகமத்தில் தீர்க்கதரிசி சாமுவேலின் குமாரர் அவர் வழியில் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அதற்காக அவர் வளர்ப்பை அங்கே யாரும் பழிக்கவில்லை. ஆய்வு நோக்கில் பார்த்தாலும், வளர்ப்புக்குச் செல்வாக்கு உண்டு, ஆனால் முழு அதிகாரம் இல்லை. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வெர்ன் பெங்ட்சன் 1970-ல் தொடங்கி பல பத்தாண்டுகள் ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தார். விசுவாசம் பிள்ளைகளிடம் தங்குவதற்கு, எத்தனை முறை ஆலயத்துக்கு அழைத்துப்போனார்கள் என்பதைவிட, பெற்றோரோடு, குறிப்பாகத் தந்தையோடு, பிள்ளைக்கு இருந்த நெருக்கம் முக்கியமானது என்று அவர் கண்டார். அந்த நெருக்கம் இருந்த வீடுகளிலும் சிலர் விலகினார்கள். உங்கள் மகனுக்குத் தந்தையோடு நெருக்கம் இருந்ததாகவே தோன்றுகிறது, இல்லையென்றால் மருந்துக்காக அவ்வளவு வாதாடியிருக்க மாட்டார்.

இது ஏதோ உங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்த விபரீதம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்புகளின்படி, தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லும் பெரியவர்கள் 2007-ல் 78 சதவீதமாக இருந்து, 2023-24-ல் 62 சதவீதமாகக் குறைந்திருக்கிறார்கள். இந்தியாவில் அப்படிப்பட்ட சரிவு கணக்கில் தெரிவதில்லை. அதே மையம் இங்கே நடத்தி 2021-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில் 97 சதவீதத்தினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். ஆனால் நம் நாட்டில் கிறிஸ்தவர் என்பது நம்பிக்கை மட்டும் அல்ல. பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், திருமண ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு), சபைச் சந்தா, கல்லறைத் தோட்டத்தில் இடம் என எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்கர் ஒருவர் நம்பிக்கை போனதும் சபையை விட்டுவிடுகிறார். நம்மவர் நம்பிக்கை போன பிறகும் பத்து ஆண்டுகள் அதே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். "உங்களுக்காகத்தான் வந்தேன்" என்ற வாக்கியம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். கேட்கும் தாய்க்கு அது ஏமாற்றமாகத் தோன்றும். நான் அதை அன்பின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன், சற்று நீண்டுவிட்ட அன்பு.

சபையின் நடத்தையைக் கண்டு விலகுவதும் உங்கள் பகுதிக்குப் புதிதல்ல. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857-ல், மிஷனில் உபதேசியாராக இருந்த சட்டம்பிள்ளை மிஷனரிகளோடு முரண்பட்டுத் தனியாக இந்து கிறிஸ்தவச் சபையை நிறுவியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தம் சாதியாரைப் பற்றி மிஷனரி ஒருவர் இழிவாக எழுதினார் என்ற வேதனைக்கு அந்தப் பிரிவில் பெரும் பங்கு உண்டு. அவர் விட்டது மிஷன் சபையைத்தான், கிறிஸ்துவை விடவில்லை. வடக்கன்குளத்தில் சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைப்பதற்காகக் கோயிலுக்குள் எழுப்பிய சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. இன்றும் தனிக் கல்லறைகளும், சாதிக் கணக்கில் நடக்கும் திருமண்டல (பேராயரின் நிர்வாகப் பகுதி) தேர்தல்களும், அந்தத் தேர்தல்களைப் பற்றி உயர் நீதிமன்றம்வரை போகும் வழக்குகளும் இருக்கின்றன. இவற்றைப் பார்த்து வளர்ந்த இளைஞர் "இதற்கு நான் எதற்கு?" என்று கேட்டால், அவரிடம் ஒழுக்க உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருளாகாது, ஞாயிறு பள்ளியில் கற்றதை அவர் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். உங்கள் மகன் எதை விட்டிருக்கிறார் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். கடவுளையா, சபையையா, ஊழியர்களையா, அல்லது அப்பாவின் கடைசி மாதங்கள் நினைவுக்கு வரும் இடம் என்பதால் அந்த ஆலயத்தை மட்டுமா? ஒவ்வொன்றுக்கும் நீங்கள் நடந்துகொள்ள வேண்டிய விதம் வேறு.

ஆகவே சேகர ஐயரை இப்போது அவரிடம் அனுப்ப வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அம்மா அனுப்பிய ஆள் என்றே உங்கள் மகன் பார்ப்பார். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவரால் புண்பட்டவரிடம், ஜெபிக்க இன்னொருவர் வருவது அவருக்கு எப்படி இருக்கும்? உங்கள் மகன் நித்திய ஜீவனை இழந்துவிடுவாரோ என்ற பயம் உங்களுக்குள் இருக்குமானால் (கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும் இருக்கும் என்று நினைக்கிறேன்), அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் உங்களுக்காக ஐயரிடம் போங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்; உங்கள் மகன் அல்ல.

மகனிடம் பேச வேண்டியவர் நீங்கள். நேரத்தையும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஞாயிறு காலையில் வேண்டாம், பண்டிகை நாளில் வேண்டாம், தங்கை பக்கத்தில் இருக்க ஒலிபெருக்கியில் போட்ட தொலைபேசியில் வேண்டாம். ஊருக்கு வரும்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வாசலில் இருவரும் தனியாக உட்கார்ந்திருக்கும் வேளை ஒன்று கிடைக்கும். ஏன் நம்பவில்லை என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிடும். "அப்பா படுத்திருந்த நாட்களில் உனக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பேசத் தொடங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் பொறுத்திருங்கள். வகுப்பறையில் விடை தெரியாத மாணவனுக்குத் தாமே விடை எடுத்துக்கொடுக்கும் பழக்கம் ஆசிரியர்களுக்கு உண்டு; அன்று இரவு அது வேண்டாம். ஊழியரைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று வக்காலத்து வாங்காதீர்கள். மருந்தை நிறுத்தியது தவறு என்று உங்களுக்கே இப்போது தோன்றினால், "அவரைக் கூட்டிவந்தது நான்தான், நீ சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்வது கடினம். உங்கள் கணவரின் மரணத்துக்கு நீங்கள் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை; அந்த நோய் பெரும்பாலும் தன் போக்கில்தான் போயிருக்கும். உங்கள் மகன் அன்று தனியாக நின்றார், அதை நீங்கள் பார்த்தீர்கள் என்பதை மட்டுமே இந்த வாக்கியம் அவருக்குச் சொல்லும்.

அப்பா இருந்தால் என்ன நினைப்பார், ஊரில் என்ன சொல்வார்கள், உனக்காக எத்தனை நாள் உபவாசம் இருந்தேன் தெரியுமா என்ற மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றும் பேச்சை நிறுத்திவிடும். அவருக்காக நீங்கள் ஜெபிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதை அவருக்கு வாட்ஸ்அப்பில் தினமும் வசனமாக அனுப்புவதைத்தான் நிறுத்த வேண்டும்.

மூன்று ஆண்டுக் காலத் துக்கம் சிலரிடம் வேறு உருவம் எடுப்பதும் உண்டு. அவர் சரியாகத் தூங்குகிறாரா, குடிப்பழக்கம் கூடியிருக்கிறதா, நண்பர்களையும் விட்டு ஒதுங்குகிறாரா, எதிலும் நாட்டமில்லை என்று பேசுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். அப்படியிருந்தால் அது விசுவாசப் பிரச்சினை அல்ல, மருத்துவப் பிரச்சினை. பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம். இந்த அறிகுறிகள் இல்லையென்றால், ஆலயத்துக்கு வராததை மட்டும் வைத்து அவரை ஆலோசகரிடம் இழுத்துவர வேண்டாம். நம்பிக்கை இழப்பு நோய் அல்ல. உங்களுக்குத் தேவைப்பட்டால் நீங்கள் வாருங்கள். கணவரை இழந்த துக்கத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை.

ஸ்தோத்திரக் காணிக்கையைப் பொறுத்தவரை, மகனைப் பெற்றதற்காக நீங்கள் நன்றி செலுத்துவதை யாரும் தடுக்க முடியாது. உறையில் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். அவர் பெயரை ஆலயத்தில் வாசிப்பதென்றால் ஒருமுறை அவரிடம் கேட்டுவிடுங்கள். சிரித்துக்கொண்டே சரி என்பார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கேட்பது முக்கியம்.

மகளின் கோபத்தை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். அப்பா போன பின் அந்த வீட்டில் மிஞ்சியிருந்த ஒழுங்கு, குடும்ப ஜெபமும் ஞாயிறு ஆராதனையும்தான். அண்ணன் அதை விட்டது அவளுக்கு இரண்டாவது இழப்பாகப் பட்டிருக்கும். அண்ணனோடு பேசு என்று அவளை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் அவரோடு இயல்பாகப் பேசுவதையும், அவருக்குப் பிடித்ததைச் சமைப்பதையும், அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் உங்கள் பாட்டுக்கு ஆலயத்துக்குப் போய்வருவதையும் அவள் பார்க்கட்டும். குடும்ப ஜெபத்துக்கு அவரையும் கூப்பிடலாம். அவர் வந்து கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தால், அதை யாரும் கவனிக்காததுபோல் இருந்துவிடுங்கள்.

கடைசியாக, பெண் பார்க்கும் விஷயம். இதில் மட்டும் நான் திட்டவட்டமாகச் சொல்கிறேன்: மறைக்காதீர்கள். சபை வழியாக வரும் சம்பந்தங்களில் "ஜெபிக்கிற குடும்பம்", "இரட்சிக்கப்பட்ட மணமகன்" என்றெல்லாம் எழுதிக்கொடுப்பது வழக்கம். அதை நம்பி வரும் பெண், கணவரோடு சேர்ந்து ஜெபிப்பதையும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும் எதிர்பார்த்து வருவார். திருமணத்துக்குப் பின் தெரிந்தால், ஏமாற்றியது நீங்கள் மட்டுமல்ல, அதற்கு உடன்பட்ட உங்கள் மகனும் என்றாகும். அத்தகைய சச்சரவுகள் என் அறையில் வந்து முடிவதை அடிக்கடி பார்க்கிறேன், நம்பிக்கையில்லாத கணவரோடு வாழ முடியாது என்பதைவிட, பொய் சொல்லிக் கட்டிவைத்தார்கள் என்பதே அங்கே பெரிய புண்ணாக இருக்கிறது.

முதலில் அவருக்கு இப்போது திருமணம் வேண்டுமா, வேண்டுமென்றால் ஆலயத்தில் உடன்படிக்கை சொல்ல அவர் மனம் ஒப்புகிறதா என்று கேளுங்கள். ஒப்பவில்லை என்றால், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, 30 நாள் அறிவிப்புக்குப் பின் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். அதற்கு யாரும் மதம் மாற வேண்டியதில்லை, மணமகள் கிறிஸ்தவராகவே இருந்தாலும் தடையில்லை. ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும், தமக்கு நம்பிக்கை இல்லை என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியவர் நீங்களோ தரகரோ அல்ல. ஓலை வாசிப்பதற்கு முன், நிச்சயத்துக்கும் முன், முதல் சந்திப்பிலேயே உங்கள் மகனே அவரிடம் நேரில் சொல்லட்டும். சில வீட்டார் விலகிப்போவார்கள். போகட்டும். தெரிந்தே சம்மதிக்கும் பெண்ணும் கிடைப்பார். அதற்குச் சற்றுக் காலம் ஆகும் என்பதால், மகனுக்கு 35 ஆகிவிடுமே என்ற அவசரத்தைத் தயவுசெய்து ஒதுக்கிவையுங்கள்.